கஞ்சித் தொட்டியும் கீர்த்தனையும்

தமிழின் முதல் நாவல் எது என்று நம் பிள்ளைகளைக் கேட்டால், 'பிரதாப முதலியார் சரித்திரம்' என்று உடனே விடை வரும். அது 1879-இல் வெளிவந்தது என்பதையும் சிலர் சேர்த்துச் சொல்வர். மாயூரம் வேதநாயகம் பிள்ளையைப் பற்றி நாம் அவர்களுக்குக் கற்பித்தது பெரும்பாலும் அவ்வளவே. அந்நாவலுக்கு ஓராண்டு முன்னர், 1878-இல், அச்சேறிய 'சர்வ சமய சமரசக் கீர்த்தனை'யை நாம் மறந்துவிட்டோம். பிறமொழி வழங்கும் ஊர்களில், பல சமயத்தவராய் ஒரே சங்கத்தில் கூடி வாழும் நமக்கு இது சிறிய இழப்பன்று.

1826-இல் குளத்தூரில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த வேதநாயகர், முன்சீப்பாகப் பணியாற்றியவர். 'நீதிநூல்' செய்து அதிற் கைக்கூலியைக் கண்டித்தவர். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தில், தம் கைப்பொருளைச் செலவிட்டுக் கஞ்சித் தொட்டிகள் அமைத்துப் பசித்தோரை உண்பித்தார். வாழ்க்கை வரலாறு எழுதுவோர் இதைத் தவறாது குறிப்பர். ஆயின் இச்செயலையும் அவர் எழுத்தையும் சேர்த்து நோக்கியோர் சிலரே.

நாவலில் தருமம் உயர்ந்த இடத்திலிருந்து பேசுகிறது. ஆண் வேடம் பூண்டு அரசாளும் ஞானாம்பாள் குடிகளுக்கு நீதி வழங்குகிறாள். அறிவுரைகள் பக்கம் பக்கமாக நீள்கின்றன. அவற்றுட் பல சலிப்பூட்டுவன என்று சொல்ல நாம் தயங்க வேண்டியதில்லை. கீர்த்தனைகளுக்கு வந்தால் குரலே மாறிவிடுகிறது. பஞ்சம் தீர வேண்டிப் பாடுமிடங்களில், கொடுத்தவர் யார் என்பதே தெரியவில்லை. கஞ்சி வார்த்த கையை நாம் பாட்டில் தேடினாலும் கிடைக்காது. பசித்தவர் வரிசையில் தாமும் ஒருவராக நின்று இறைவனிடம் முறையிடும் குரலே கேட்கிறது. வலக்கையின் ஈகையை இடக்கைக்கும் மறைக்கச் சொன்ன மலைப்பிரசங்கத்தை அவர் மேற்கோள் காட்டவில்லை; அதன்படி பாடியிருக்கிறார். ஊரே மடியும் காலத்தில் கொடுப்பவனும் களைத்துப் போவான். 'நான் கொடுத்தேன்' என்ற எண்ணம் அவனை அதிக நாள் தாங்காது. வேதநாயகரைத் தாங்கியது எது என்பதற்கு இம்முறையீடுகளே சான்று என்பது நம் கருத்து.

கிறிஸ்தவர் ஒருவர் பாடிய கீர்த்தனைகளில் இரட்சகர் திருநாமம் ஏன் இல்லை, இது பற்றுக் குறைவன்றோ என வினவுவாரும் உளர். தேவமாதாவின்மேல் அந்தாதி பாடியவருக்குப் பற்றுக் குறைவு என்பது பொருந்தாது. எச்சமயத்தாரும் தயங்காமல் வாய்விட்டுப் பாட வேண்டும் என்றே அவர் இந்நூலில் பெயரைச் சொல்லாது விட்டார். பசித்து வந்தவனிடம் சமயம் கேட்டா கஞ்சி வார்ப்பது?

அவர் தம்மைப் பற்றிச் சொல்லாததை வேறொருவர் சொன்னார். மாயூரத்திலேயே வாழ்ந்தவரும் நந்தனார் சரித்திரம் பாடிய சைவருமான கோபாலகிருஷ்ண பாரதியார், வேதநாயகரின் பஞ்ச காலக் கொடையைப் போற்றிக் கீர்த்தனை ஒன்று இயற்றினார். மனிதரைப் பாடுவது பாரதியாருக்கு வழக்கமன்று என்பதையும் இங்கு நினைவிற்கொள்ள வேண்டும்.

இக்கீர்த்தனைகள் யாவும் சிறந்தவை என்று நாம் வாதிடவில்லை. சிலவற்றிற் பல்லவி எடுப்பாக அமைந்து, சரணங்கள் உரைநடையாய்த் தளர்ந்துவிடுகின்றன. நீதிபதியின் பழக்கம் பாட்டிலும் விடவில்லை போலும்! எனினும் பஞ்சப் பாடல்களில் இத்தளர்ச்சி மிகக் குறைவு. நம் சங்கங்களின் இசை நிகழ்ச்சிகளில் வேதநாயகர் பாடல் இடம்பெறும்போது இவற்றுள் ஒன்றையேனும் சேர்த்துக்கொள்ளலாம். பாடும் பிள்ளைகளுக்கு அந்தத் தாது வருஷத்துக் கதையையும் முன்னதாகச் சொல்லிவைப்பது நல்லது.