இரண்டாவது கார்

மோட்டார் வண்டிகளுக்கு விமரிசனம் எழுதுகிறவர்கள் மீது எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. அவர்கள் எழுதுவதெல்லாம் ஓட்டுகிறவனுடைய ஆசனத்திலிருந்து எழுதுவது. நூறு கிலோமீட்டர் வேகத்தை எத்தனை விநாடியில் எட்டுகிறது என்று கடிகாரமும் கையுமாக உட்கார்ந்துவிடுவார்கள். கீழவாசலில் காய்கறி வாங்கிக்கொண்டு, வரும் வழியில் ஆஸ்பத்திரி வாசலில் காத்திருக்கும் பெரியம்மாவையும் ஏற்றிக்கொண்டு வீடு திரும்ப வேண்டிய வண்டிக்கு அந்தக் கடிகாரத்தால் என்ன பிரயோஜனம்?

வீட்டுக்கு இரண்டு வண்டி என்பது தஞ்சை ஜில்லாவுக்குப் புதிதல்ல. மிராசுதார் வீடுகளில் வில்வண்டி ஒன்று இருக்கும், பாரவண்டி ஒன்று இருக்கும். வில்வண்டி கல்யாணத்துக்கும் கச்சேரிக்கும் போகும். பாரவண்டி எருவும் நெல்லும் வைக்கோலும் சுமக்கும். அதை நின்று பார்த்து மெச்சினவர் யாரும் கிடையாது. ஆனால் அது இரண்டு நாள் படுத்துவிட்டால் குடும்பமே படுத்துவிடும். இன்றைக்குப் பெரிய கார் வாங்குகிறவர் வில்வண்டியின் வாரிசை வாங்குகிறார். அதில் சிக்கல் ஒன்றும் இல்லை. பாரவண்டிக்கு வாரிசு தேடும்போதுதான் நாம் தடுமாறுகிறோம்.

சின்னதாக இருக்க வேண்டும் என்பதில் அபிப்பிராய பேதத்துக்கு இடமில்லை. தஞ்சாவூர் ராஜவீதிகள் நான்கும் தேர் ஓடுவதற்கு ஏற்பட்டவை. நெடுங்காலம் நின்றுபோயிருந்த பெரிய கோயில் தேர் 2015-இல் மறுபடியும் அவற்றில் ஓடியது. ஆனால் அந்த வீதிகளிலிருந்து பிரிகிற சந்துகளை ஒற்றை மாட்டுவண்டியை மனத்தில் வைத்துக்கொண்டுதான் விட்டிருக்கிறார்கள். ஊருக்கு வெளியே போனால் வாய்க்கால் கரை ரோடு. அறுப்புக் காலத்தில் அதிலும் பாதி நெல் காயும் களமாகிவிடும். அகலமான வண்டிக்காரர் அங்கே மனிதரையும் நெல்லையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். கேள்வி, வண்டியை எங்கே சிறிதாக்குவது என்பது.

இதை வீட்டு வேலையிலிருந்து ஆரம்பித்து யோசித்தவர்கள் உலகத்தில் உண்டு. பிரான்ஸ் தேசத்தில் சிட்ரோயன் கம்பெனியை நடத்திய பூலான்ஜே என்பவர் தம் என்ஜினீயர்களிடம் கேட்டது வேகத்தை அல்ல. இரண்டு குடியானவர்களும் 50 கிலோ உருளைக்கிழங்கும் ஏற வேண்டும். உழுத வயலில் ஓட்டினாலும் கூடையில் இருக்கும் முட்டை உடையக் கூடாது. அப்படிப் பிறந்த ‘டூ சிவி’யை 1948-இல் பாரிஸ் கண்காட்சியில் வைத்தபோது பத்திரிகைக்காரர்கள் சிரித்தார்கள். தகர டப்பா போன்ற உருவத்தைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். ஆனால் சுமை அதிகமானால் ஆசனத்தையே கழற்றி வெளியே வைத்துவிடலாம். 1990 வரையில் அந்த வண்டியைச் செய்துகொண்டிருந்தார்கள்.

நம் பக்கத்திலும் இப்படி ஒரு ஞானோதயம் நடந்திருக்கிறது. மதராஸில் ஸ்டாண்டர்டு கம்பெனி 1961 முதல் ஹெரால்டு காரைச் செய்தது. முதலை வாயைத் திறப்பதுபோல முன்பக்கம் முழுவதும் எழுந்து முன்னால் சாயும். 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். சந்துக்கென்றே செய்த வண்டி. ஆனால் கதவு இரண்டுதான். இங்கிலாந்தில் அந்த ஸலூன் காருக்குக் கடைசி வரையில் இரண்டே கதவு. மதராஸில் மட்டும் பிற்பாடு நான்கு கதவு வைத்தார்கள். புடவை கட்டிய பாட்டியம்மாளை முன் ஆசனத்தை மடக்கிப் பின்னால் நுழையச் சொல்வது எப்படிப்பட்ட காரியம் என்று அங்கே யாருக்கோ தெரிந்திருக்கிறது. என் நோக்கில், இந்தியாவில் மோட்டார்த் தொழில் செய்த உருப்படியான விமரிசனங்களில் அந்த இரண்டு கதவுகள் சேர்த்தி.

இந்தக் கண்ணோடு நானோவைப் பார்க்க வேண்டும். 2008 ஜனவரியில் டில்லி கண்காட்சியில் காட்டி, 2009-இல் விற்பனைக்கு வந்த வண்டி. நீளம் 3.1 மீட்டர், இரண்டு சிலிண்டர் என்ஜின் பின்பக்கம். கதவு நான்கு. ஆசனம் திண்ணை உயரம். குனியவும் வேண்டாம், ஏறவும் வேண்டாம், உட்கார்ந்து காலை உள்ளே எடுத்துக்கொண்டால் போதும். முழங்கால் வலிக்காரர்களுக்கு இதைவிட மரியாதை செய்த வண்டி அதற்கு முன்னும் பின்னும் குறைவு. விசித்திரங்களுக்கும் குறைவில்லை. பெட்ரோல் ஊற்ற முன்மூடியைத் திறக்க வேண்டும். மழைத் துடைப்பான் ஒன்றே ஒன்று. மன்னிக்க முடியாதது ஒன்று: முதலில் வந்த வண்டிகளில் பின்பக்கம் திறக்காது. பார்வைக்குக் கதவு போல இருக்கும், கதவல்ல. அரிசிச் சிப்பத்தைப் பின் ஆசனத்தின் முதுகை மடக்கித் தலைக்கு மேலே தூக்கி உள்ளே தள்ள வேண்டும். பாரவண்டிக்குப் பின்பக்கத்தை அடைத்த தச்சன் உண்டா?

ஆண்டுக்கு 2.5 லட்சம் வண்டி செய்யக் கட்டிய தொழிற்சாலை. எந்த ஆண்டும் ஒரு லட்சம்கூட விற்கவில்லை. 2018-இல் உற்பத்தி ஏறத்தாழ நின்றேபோயிற்று. மலிவான கார் என்று விற்றதே தவறு என்று ரத்தன் டாடாவே பின்னால் சொன்னார். மழையில் ஸ்கூட்டரில் நனைந்துகொண்டு போகும் குடும்பத்துக்காக நினைத்த வண்டி. அந்தக் குடும்பத்துக்கு அது முதல் கார். முதல் கார் வாங்குகிறவன் போக்குவரத்துக்கு மட்டும் வாங்குவதில்லை. அண்டை அயலார் கண்ணுக்கும் சம்பந்திக்கும் சேர்த்துத்தான் வாங்குகிறான். ‘ஒரு லட்ச ரூபாய்’ என்று உலகமே அறிந்த விலையை வாசலில் நிறுத்தி வைக்க எவனுக்கு மனம் வரும்? கௌரவத்துக்கு ஒரு கார் ஏற்கனவே இருக்கிற வீட்டில் நானோ சிரித்துக்கொண்டு வேலை செய்திருக்கும்.

2023-இல் வந்த எம்.ஜி. காமெட் இந்தப் பாடத்தைப் பாதி படித்திருக்கிறது. மலிவு என்ற பேச்சே கிடையாது. வேடிக்கை என்று விற்கிறார்கள். மூன்று மீட்டருக்கும் குறைவான நீளம், மின்சாரத்தில் ஓட்டம், வீட்டிலேயே சார்ஜ் ஏற்றிக்கொள்ளலாம். ஒரு தடவைக்கு 230 கிலோமீட்டர் என்கிறார்கள். அதில் பாதி ஓடினாலே கடை கண்ணிக்கு ஏராளம். சந்துக்குள் சத்தமில்லாமல் நுழைகிறது. எல்லாம் சரி, ஆனால் மறுபடியும் இரண்டே கதவு! நாலு பேர் உட்கார்ந்தால் முருங்கைக்காய்க் கட்டு வைக்க இடமில்லை. கணவன் மனைவி இருவர் மட்டும் உள்ள வீட்டுக்கு அருமையான வண்டி. அத்தை, மாமனார் உள்ள வீட்டுக்கு அது பொம்மை.

ஆகையால் என்னைக் கேட்பவர்களுக்கு இன்றும் நானோவைத்தான் சொல்வேன், பழைய வண்டியாகத்தான் கிடைக்கும் என்றாலும். 2015-க்குப் பிறகு வந்ததாகப் பார்க்க வேண்டும். அப்போதுதான் பின்கதவு திறக்கும். கிளட்ச் மிதிக்க வேண்டாத வகையும் அந்த வரிசையில் உண்டு. பதிவு 15 ஆண்டுதான்; அது முடிய எத்தனை ஆண்டு பாக்கி என்று கணக்குப் பார்த்து விலை பேசலாம். பார்க்கப் போகும்போது ஓட்டத் தெரிந்த பிள்ளையாண்டானை வீட்டிலேயே விட்டுவிட்டு, முழங்கால் வலிக்கிற பெரியம்மாவை அழைத்துக்கொண்டு போவது நல்லது. கையில் ஒரு காய்கறிப் பையும் இருக்கட்டும். பின் ஆசனத்தில் இரண்டு தரம் ஏறி இறங்கிவிட்டு அவள் என்ன சொல்கிறாள் என்று கேட்டுக்கொண்டு, அதன் பிறகு முன்பணத்தை எடுக்கலாம்.