சிறு முதலீட்டுத் திகில் படங்களின் மறுபதிப்பு: மீட்பும் மிகையும்

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் விளம்பரப் படங்கள் எடுத்துவந்த ஜார்ஜ் ரொமேரோவும் அவருடைய நண்பர்களும் ஏறத்தாழ 1,14,000 டாலர் செலவில் ஒரு கறுப்பு வெள்ளைத் திகில் படத்தை முடித்தார்கள். 1968-இல் வெளியான அந்தப் படம் 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்'. முதலில் அதற்கு வேறு பெயர் இருந்தது. விநியோக நிறுவனம் பெயரை மாற்றியபோது, புதிய தலைப்பு அட்டையில் பதிப்புரிமை அறிவிப்பைச் சேர்க்க விட்டுவிட்டார்கள். அறிவிப்பு இல்லையென்றால் உரிமையும் இல்லை என்பது அன்றைய அமெரிக்கச் சட்டம். படம் வெளியான நாளிலேயே ஊர்ச்சொத்து ஆகிவிட்டது.

வீடியோ கேசட் காலம் வந்ததும் இதன் விளைவு தெரிந்தது. கையில் ஏதோ ஒரு பிரின்ட் கிடைத்த கம்பெனியெல்லாம் இந்தப் படத்தை வெளியிட்டது. கீறல் விழுந்த பிரதி, பிரதியின் பிரதி, இருட்டில் முகமே தெரியாத பிரதி என்று கடைகளில் குவிந்தன. படைத்தவர்களுக்கு அவற்றிலிருந்து பணம் வரவில்லை. ஆனால் அந்த மலிவுக் கேசட்டுகளும் நள்ளிரவுத் தொலைக்காட்சி ஒளிபரப்புகளும்தான் படத்தை உலகெங்கும் கொண்டுபோயின. இன்றைய நடைப்பிணப் படங்கள் எல்லாவற்றுக்கும் அதுவே மூதாதை.

பிறகு நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகமும் 'தி ஃபிலிம் ஃபவுண்டேஷன்' அமைப்பும் சேர்ந்து, கேமராவில் ஓடிய அசல் நெகடிவிலிருந்தே 4கே தரத்தில் படத்தை மீட்டெடுத்தன. 2016-இல் அது திரையிடப்பட்டது. 2018-இல் கிரைட்டீரியன் நிறுவனம் அதை ப்ளூ-ரே வட்டாக வெளியிட்டது. அதற்குச் சில மாதங்கள் முன்பு ரொமேரோ இறந்திருந்தார். மீட்புப் பணியை மேற்பார்வையிட்டது அவர்தான் என்பது ஓர் ஆறுதல்.

குப்பைப் பிரதியிலிருந்து கலைக்கூடப் பிரதிவரை நீளும் இந்த ஒரு படத்தின் வரலாற்றில், பழைய சிறு முதலீட்டுத் திகில், அறிவியல் புனைவுப் படங்களை வீட்டு வட்டாக வெளியிடும் வழக்கத்தின் நன்மையும் தீமையும் முழுதாக அடங்கியிருக்கின்றன. இந்த வழக்கம் திரைப்பட வரலாற்றுக்குப் பெருந்தொண்டு செய்திருக்கிறது. அதே சமயம், அழகுபடுத்தும் ஆசையாலும் சந்தையின் நெருக்கடியாலும் தான் காப்பாற்றிய படங்களையே சில வேளைகளில் திரித்தும் இருக்கிறது.

முதலில் தொண்டைப் பார்ப்போம். 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' படத்தைக் கேசட்டில் பார்த்தவர்கள் அதன் கரடுமுரடான தோற்றத்தை ஏழ்மையின் விளைவு என்றே எண்ணினார்கள். மீட்டெடுத்த பிரதி வேறொன்றைக் காட்டுகிறது. விளக்கு எங்கே வைக்க வேண்டும், நிழல் எந்தச் சுவரில் விழ வேண்டும், சாய்ந்த கோணம் எப்போது வேண்டும் என்பதெல்லாம் திட்டமிட்டுச் செய்யப்பட்டவை. விளம்பரப் படம் எடுத்துப் பழகிய கையின் கறாரான வேலை அது. படத்தின் முடிவில், நாயகன் பென் கொல்லப்பட்டபின் நிழற்படங்கள் வரிசையாக வருகின்றன. நாளிதழில் அச்சான செய்திப் படம்போல அவை புள்ளி புள்ளியாக இருக்கும். கேசட்டில் படம் முழுவதுமே மங்கலாக இருந்ததால் இந்த மாற்றம் கண்ணில் படவில்லை. தெளிவான பிரதியில், அதுவரை உயிரோடு நம்முன் நின்ற மனிதன் சட்டென்று ஒரு பத்திரிகைச் செய்தியாகிவிடும் அதிர்ச்சி நேராக வந்து தாக்குகிறது. பென்னாக நடித்த டுவேன் ஜோன்ஸ் கறுப்பினத்தவர். படம் வந்தது மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஆண்டில். அந்த முடிவின் பொருள் தெளிவான பிரதியில்தான் முழுதாகத் திறக்கிறது.

இரண்டாவது நன்மை, படத்தைச் சுற்றியுள்ள வரலாறும் சேர்ந்து கிடைப்பது. கான்சஸ் மாநிலத்தின் லாரன்ஸ் நகரில் கல்விப் படங்களும் தொழிற்சாலைகளுக்கான பயிற்சிப் படங்களும் எடுத்துவந்தவர் ஹெர்க் ஹார்வி. 1962-இல் வெளிவந்த 'கார்னிவல் ஆஃப் சோல்ஸ்' அவர் இயக்கிய ஒரே கதைப்படம். கிரேட் சால்ட் ஏரிக்கரையில் கைவிடப்பட்டுக் கிடந்த சால்ட்ஏர் கேளிக்கை மண்டபத்தைப் பார்த்ததும் அவருக்குக் கதை தோன்றியது. ஏறத்தாழ 33,000 டாலரில் படம் முடிந்தது. கிரைட்டீரியன் இதை வெளியிட்டபோது, ஹார்வியின் நிறுவனம் தயாரித்த பயிற்சிப் படங்களின் பகுதிகளையும் உடன் வைத்தது. அவற்றைப் பார்த்தபின் படத்தைப் பார்த்தால், நாயகி நடமாடும் உலகம் ஏன் அத்தனை ஒழுங்காகவும் அத்தனை உயிரற்றும் இருக்கிறது என்பது புரிகிறது. பயிற்சிப் படத்தின் நேர்த்தியே இங்கே அச்சமாக மாறியிருக்கிறது. இந்தப் புரிதலைத் திரையரங்கால் தர முடியாது. நல்ல வட்டு தரும்.

மூன்றாவது, சிதைந்த படங்கள் முழுமை பெறுவது. ஹாமர் நிறுவனம் பிரிட்டனில் குறைந்த செலவில் எடுத்து 1958-இல் வெளியிட்ட 'டிராகுலா' படத்தில் தணிக்கையினர் சில காட்சிகளை வெட்டியிருந்தார்கள். வெட்டுப்படாத சில ரீல்கள் பல ஆண்டுகளுக்குப்பின் டோக்கியோவின் தேசியத் திரைப்பட மையத்தில் கிடைத்தன. அவற்றிலிருந்து எடுத்த காட்சிகள் 2013-இல் வந்த பிரிட்டிஷ் ப்ளூ-ரேயில் சேர்ந்தன. கிறிஸ்டோபர் லீயின் டிராகுலா சூரிய ஒளியில் தன் முகத்தோலைத் தானே பிய்த்துக்கொண்டு அழியும் காட்சியை, பிரிட்டன் ரசிகர்கள் அரை நூற்றாண்டு கழித்துத்தான் முழுதாகப் பார்த்தார்கள். இத்தாலியின் மாரியோ பாவா 1960-இல் எடுத்த முதல் படத்தின் கதையும் இதைச் சேர்ந்ததே. அமெரிக்க விநியோகஸ்தர்கள் அதை வெட்டி, இசையையும் மாற்றி, 'பிளாக் சண்டே' என்று வெளியிட்டார்கள். ஆரோ நிறுவனம் மாற்றாத வடிவத்தையும் அமெரிக்க வடிவத்தையும் ஒரே பெட்டியில் தந்தது. எது சிறந்தது என்று தீர்ப்புச் சொல்லி மற்றதை மறைக்காமல், இரண்டையும் பார்வையாளர் முன் வைக்கும் இந்த முறையே சரியான முறை.

எல்லாவற்றுக்கும் மேலாக, இந்தச் சிறு நிறுவனங்கள் இல்லையென்றால் பல படங்கள் அழிந்தே போயிருக்கும். அசிட்டேட் படச்சுருள் வெப்பத்திலும் ஈரத்திலும் சிதைந்து காடியின் புளிப்பு நெடி வீசும். பிறகு சுருங்கி உதவாமல் போகும். பெரிய ஸ்டுடியோக்களுக்கு இந்தப் படங்கள் பொருட்டில்லை, அரசு ஆவணக் காப்பகங்களுக்கோ முன்னுரிமைகள் வேறு. செவரின், வினிகர் சிண்ட்ரோம், ஆரோ போன்ற நிறுவனங்கள் வட்டு விற்ற பணத்தில் நெகடிவ்களைத் தேடிப்பிடித்து ஸ்கேன் செய்கின்றன. நம் நாட்டு ராம்சே சகோதரர்களின் இந்தித் திகில் படங்களுக்கும் இப்படித்தான் விடிவு வந்தது. உள்நாட்டு விமர்சகர்கள் ஒதுக்கிய 'புரானா மந்திர்', 'பந்த் தர்வாஸா' போன்ற படங்களை மதித்து வெளியிட்டது மாண்டோ மகாப்ரோ என்ற வெளிநாட்டு நிறுவனம். ரசிகர்களின் பணத்தில் ஓர் ஆவணக் காப்பகம் நடக்கிறது என்றே இதைச் சொல்ல வேண்டும்.

இனிக் குறைகள். முதல் குறை, மெருகேற்றும் வெறி. படச்சுருளில் இயல்பாக இருக்கும் பொடிப்பொடியான 'கிரெய்ன்' அழுக்கு அல்ல. பிம்பமே அதனால்தான் ஆனது. 1974-இல் வந்த 'தி டெக்ஸஸ் செயின் சா மாஸக்கர்' 16 மி.மீ. சுருளில் எடுத்த படம். டெக்ஸஸ் வெயிலின் புழுக்கமும் வியர்வையும் அந்தச் சொரசொரப்பில்தான் இருக்கின்றன. கணினி வடிகட்டியால் கிரெய்னைத் துடைத்தெடுக்கும்போது தோலின் நுணுக்கமும் கூடவே போகிறது. நடிகர்கள் மெழுகுப் பொம்மைகளாகிறார்கள். ரொமேரோவின் படத்துக்கு இதைவிடப் பெரிய கொடுமைகள் நடந்தன. 1986-இல் அதற்கு வண்ணம் பூசினார்கள். 1999-இல் அதன் இணைக் கதாசிரியரே புதிய காட்சிகளை எடுத்துச் செருகி, இசையையும் மாற்றி ஒரு பதிப்பை வெளியிட்டார். பதிப்புரிமை இல்லாத படத்துக்குக் காவலும் இல்லை என்பதை இவை காட்டுகின்றன.

எல்லாத் திருத்தமும் தவறென்று சொல்லிவிடவும் முடியாது. 1953-இன் 'தி வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்' செலவில் இவற்றைவிடப் பெரிய படம் என்றாலும் இந்தச் சிக்கலுக்கு நல்ல சான்று. அதில் செவ்வாய்க் கிரகத்தவரின் கலங்களைத் தாங்கும் கம்பிகள் அன்றைய டெக்னிகலர் பிரதிகளில் கண்ணுக்குப் படவில்லை; பிந்தைய பிரதிகளில் பளிச்சென்று தெரிந்தன. அண்மைய மீட்பில் அவற்றைக் கணினியால் மறைத்தார்கள். அன்றைய பார்வையாளர் கண்டதைத் திருப்பித் தருவதே நோக்கம் என்பதால் இதை ஏற்கலாம். ஆனால் செய்ததைச் செய்தோம் என்று வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். தந்திரக் காட்சி பழையதாகத் தெரிகிறது என்பதற்காக அதைத் திருத்துவது வேறு விஷயம், அதற்கு மன்னிப்பில்லை.

சட்டக அளவிலும் ஒலியிலும் இதே அலட்சியம் நடக்கிறது. 1953-க்குப் பிறகு பல படங்களை முழுச் சட்டகத்தில் எடுத்து, திரையிடும்போது மேலும் கீழும் மறைத்து அகலமாகக் காட்டினார்கள். கேசட்டுகள் அந்த மறைப்பை நீக்கியதால் நடிகரின் தலைக்குமேல் வெற்றிடம் தெரிந்தது. சில படங்களில் மைக்கே தெரிந்தது. இயக்குநருக்குத் திறமை இல்லை என்ற அவப்பெயரும் வந்தது. ஒலியிலோ, ஒரே ஸ்பீக்கருக்காகக் கலந்த மோனோவைப் பல ஸ்பீக்கர்களுக்கான 5.1 ஆக்கி, புதிய ஓசைகளையும் சேர்க்கிறார்கள். 'கார்னிவல் ஆஃப் சோல்ஸ்' படத்தின் ஆர்கன் இசை நாலாபுறமும் சிதறினால், நாயகியை நெருக்கிச் சூழும் தன்மையை இழந்துவிடும். புதிய கலவையைத் தருவதில் தவறில்லை, பழையதை நீக்குவதே தவறு.

சந்தை தரும் குறைகளும் உண்டு. குறைந்த எண்ணிக்கையில் அச்சிட்டு, கெட்டி அட்டைப் பெட்டியும் போஸ்டருமாக விலையேற்றி விற்கிறார்கள். தீர்ந்துபோனால் மறுவிற்பனைக்காரர்கள் சொல்வதே விலை. மலிவு டிக்கெட்டில் பார்க்க எடுத்த படம் அலமாரி அணிகலன் ஆகிவிடுகிறது. ப்ளூ-ரேயில் மண்டலப் பூட்டு வேறு: அமெரிக்க வட்டு ஏ, பிரிட்டிஷ் வட்டு பி, இந்தியாவின் பிளேயர் சி. 4கே வட்டுகளுக்குப் பூட்டு இல்லை என்பது நல்ல மாற்றம். உடன்வரும் விளக்க உரைகளில் பெரும்பாலானவை வெறும் புகழ்ச்சி. பெண்களையும் பிற இனத்தவரையும் இப்படங்கள் சித்திரித்த விதத்தைக் கறாராகப் பேசும் குரல் அரிது. ஒரு படத்தை மதிப்பது என்றால் அதன் பிழைகளையும் பேசுவதுதான்.

இந்த விவாதத்தில் நமக்கும் பங்குண்டு. 1952-இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ், அமெரிக்காவின் லிப்பர்ட் நிறுவனத்தோடு சேர்ந்து 'தி ஜங்கிள்' படத்தை எடுத்தது. தமிழில் அது 'காடு'. யானைகளுக்கு ரோமம் போர்த்தி மாமத்துகளாக்கிய சிறு முதலீட்டு அறிவியல் புனைவு அது. மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனர் டி. ஆர். சுந்தரத்தின் இந்தத் துணிச்சலும் முறையான மீட்புக்குத் தகுதியுள்ளது.

நல்ல வெளியீட்டுக்கு அளவுகோல் பளபளப்பு அல்ல, நேர்மை. அந்த அளவுகோலில் இந்த வழக்கம் குறைகளோடு தேறிவிடுகிறது என்பதே என் முடிவு. அதை மேம்படுத்தும் வலிமை வாங்குபவரிடம் இருக்கிறது. வட்டை எடுத்ததும் பெட்டியின் பின்பக்கத்தைப் படியுங்கள்: படம் எந்த மூலத்திலிருந்து எடுக்கப்பட்டது, சட்டக அளவு எது, அசல் ஒலி இருக்கிறதா. இந்த மூன்றையும் சொல்லாத வெளியீட்டுக்குப் பணம் தராதீர்கள்.