மணமகள் உடுத்துவது யாருடைய ஆடை?

மேடைக்கு வந்தாள் மணமகள், மறைந்தாள். மீண்டும் வந்தாள், மீண்டும் மறைந்தாள். நாடகக் காட்சியோ என்று ஐயுறாதீர்கள், திருமண மண்டபந்தான்! "மணமகள் எங்கே?" என்று கேட்டால், "உடை மாற்றிக்கொண்டிருக்கிறாள்" என்று விடை வருகிறது. வாழ்த்த வந்த முதியவர் பரிசுப் பொட்டலத்தைக் கையில் பிடித்தபடி வரிசையில் நிற்கிறார். ஒலிபெருக்கி பாடுகிறது. படம் எடுப்பவர் விளக்கைச் சரி செய்கிறார். வாழ்க்கையைத் தொடங்க வந்தவளைப் பொம்மையாக்கி, மணிக்கொரு முறை மூட்டை பிரிக்கும் இந்தக் கூத்துக்கு நாம் இட்டிருக்கும் பெயர் நாகரிகம்!

பட்டணத்துப் பணக்காரரோடு இந்நோய் நின்றிருந்தால் அதற்காக ஏடும் எழுத்தும் செலவிட வேண்டியதில்லை. பச்சைமலைக்கும் ஏறிவிட்டது அது. வண்ணாடு, தென்பரநாடு, கோம்பை என்று பிரிந்து கிடக்கும் அம்மலைப் பகுதியில் வாழ்வோர் மலையாளிப் பழங்குடியினர். மலையை ஆள்வோர் என்பது அப்பெயரின் பொருள். சேர நாட்டு மலையாளத்தோடு அதை இணைக்க வேண்டாம். மரவள்ளியும் முந்திரியும் விளைவித்து உழைத்துண்ணும் மக்கள். வீட்டில் மணம் என்றால் மலையிறங்கித் துறையூரில் துணி எடுத்துத் திரும்பிய காலம் ஒன்றிருந்தது. இன்றோ பேருந்து ஏறித் திருச்சி வரை வருகிறார்கள். மலைக்கோட்டையின் நிழலில், தெப்பக்குளத்தை ஒட்டிய கடைவீதியில், கண்ணாடி மாளிகைகள் அவர்களை வரவேற்கின்றன. நிச்சயத்துக்கு ஒன்று, நலங்குக்கு ஒன்று, முகூர்த்தத்துக்கு ஒன்று, மாலை வரவேற்புக்கு வடநாட்டு லெகங்கா ஒன்று, மறுவீட்டுக்கு ஒன்று! மரவள்ளி விற்ற பணம் முதற் புடவையோடு முடிகிறது. மற்ற நான்கையும் வாங்கித் தருவது வட்டிக்கடன்.

இதைக் கண்டித்தால் படித்த நண்பர் ஒருவர் உடனே எழுந்து நிற்பார். "அமெரிக்காவைப் பாருங்கள்! அங்கே குடியேறிய சீனர் வீட்டுப் பெண் ஒரே நாளில் இரண்டு, மூன்று உடை மாற்றுகிறாள். விண்ணில் கலம் விடும் நாட்டில் செய்வதை இங்கே செய்தால் மட்டும் குற்றமா?" என்பார்.

நல்ல கேள்வி. பார்த்துவிடுவோம்.

அமெரிக்கச் சீனப் பெண் காலையில் பலர் முன் மண உறுதி கூறும்போது பெரும்பாலும் வெள்ளை அங்கி அணிகிறாள். 1840 இல் விக்டோரியா அரசி தம் திருமணத்தில் உடுத்தியபின் மேனாட்டில் பரவிய வழக்கம் அது. ஆனால் சீன மரபில் வெள்ளை துக்கத்தின் நிறம். இழவு வீட்டின் அடையாளம். மங்கலத்துக்குரியது சிவப்பு. ஆகவே பெற்றோருக்கும் மூத்தோருக்கும் மண்டியிட்டுத் தேநீர் வழங்கும் சடங்கின்போது அவள் சிவப்பு உடைக்கு மாறுகிறாள். குவாங்டுங் மரபினராயின், பறவைநாகமும் பீனிக்சுப் பறவையும் பொன்னிழையில் பின்னிய மேற்சட்டையும் பாவாடையும்; அல்லது 1920களில் சாங்காய் நகரில் புதுவடிவம் பெற்ற கிபாவ். விருந்தில் மேசை மேசையாகச் சென்று நன்றி கூறும்போது மூன்றாவது உடை. அந்த மூன்றாவதில் வெறும் பகட்டு கலந்திருப்பதை நான் மறுக்கவில்லை. கடைக்காரனின் தந்திரம் கடல் கடந்தால் மாறிவிடுமா?

ஆனால் அந்த முதல் இரண்டும்? அவற்றின் பின்னே ஒரு வரலாறு நிற்கிறது, தோழர்களே! அமெரிக்க மண்ணில் இருப்புப்பாதை போட்டவர்கள் சீனத் தொழிலாளர்கள். அவர்களுக்கு அந்நாடு அளித்த பரிசு என்ன? 1875 ஆம் ஆண்டின் பேஜ் சட்டம் சீனப் பெண்கள் அங்கே கால் வைப்பதை ஏறத்தாழத் தடுத்துவிட்டது. 1882 இல் சீனத் தொழிலாளர் நுழையவே தடை. உழைத்த ஆண்களில் எத்தனையோ பேர் மணமின்றி, மனையின்றி மடிந்தனர். 1943 இல் தடை நீங்கியபோதும் ஆண்டுக்கு 105 பேருக்குத்தான் கதவு திறந்தது. வெள்ளையரைச் சீனர் மணக்கலாகாது என்று கலிபோர்னியாவில் இருந்த சட்டம் 1948 இல்தான் நீதிமன்றத்தில் வீழ்ந்தது. எஞ்சிய மாநிலங்களிலும் இத்தகைய தடைகளை அமெரிக்க உச்சநீதிமன்றம் தகர்த்த நாள் 1967 சூன் 12.

எனவே அவள் வெள்ளையை உடுத்தும்போது, "இது என் நாடு" என்கிறாள். சிவப்பை உடுத்தும்போது, "இவர்கள் என் மக்கள்" என்கிறாள். ஒன்றுக்காக மற்றொன்றைத் துறக்க மாட்டேன் என்பதே அந்த மாற்றத்தின் பொருள். ஆடை இரண்டாயிருப்பது, அவள் மனத்தில் இடம் பெற்ற உலகம் இரண்டாயிருப்பதால்!

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். நம் மணமகளின் ஐந்து புடவைகள் ஐந்து உலகங்களையா கூறுகின்றன? ஒரே சாதி, ஒரே கடை, ஒரே கடன்! மாமன் வீட்டார் மெச்ச ஒன்று; அண்டை வீட்டார் அழுக்காறுகொள்ள ஒன்று; படத்துக்கு ஒன்று. அவற்றுள் அவளே தேர்ந்தது எத்தனை? நிறத்தை அத்தை சொல்கிறாள்; விலையை மாப்பிள்ளை வீடு சொல்கிறது; நாளைப் பஞ்சாங்கம் சொல்கிறது. உடுத்துபவளுக்கு ஒரே ஓர் உரிமை விடப்பட்டிருக்கிறது: கனம் தாங்குவது!

இரு வேறு குலங்களின் கலப்பை ஆடையால் ஏற்றுக்கொள்வது நாம் அறியாத செய்தியன்று. திருவரங்கத்துக் கோயிலைக் கேளுங்கள். அங்கே துலுக்க நாச்சியாருக்குச் சன்னதி உண்டு. தில்லி சுல்தானின் மகள் அரங்கன்மேல் காதல் கொண்டு தேடி வந்தாள் என்பது கதை. அவளுக்காக அரங்கனுக்குக் கைலி உடுத்தி, ரொட்டி படைக்கும் வழக்கம் அங்கே உண்டு. கதையை நம்பச் சொல்லவில்லை நான். கருத்தை நோக்கச் சொல்கிறேன். வந்தவளின் ஆடையைத் தானும் உடுத்துவது அவளை மதிக்கும் வழி என்று அக்கதையைக் கட்டியவனுக்குத் தெரிந்திருக்கிறது!

பச்சைமலையிலும் இதை ஒத்த கதை வழங்குகிறது. காஞ்சியிலிருந்து வந்த உடன்பிறந்தார் மூவர், சேர்வராயன், கொல்லி, பச்சை என மலைக்கொருவராய்க் குடியேறி, வந்த இடத்துப் பெண்களை மணந்து பெருகினர் என்று தங்கள் தோற்றத்தைக் கூறுகின்றனர் மலையாளிகள்.

கோயிலில் கலப்புமணம் கும்பிடப்படுகிறது. மலையில் கலப்புமணம் குலவரலாறாகிறது. ஆனால் நம் தெருவில் ஓர் இளைஞனும் ஒரு நங்கையும் சாதி கடந்து கை கோத்தால்? அரிவாள் எழுகிறது! கடவுளுக்குக் கைலி பொருந்துமாம். மகளுக்கு மாற்றுச் சாதி வீட்டுப் புடவை பொருந்தாதாம்! எத்தனை விந்தையான அளவுகோல்!

அந்தப் புடவையைத்தான் நெய்தவர் யார்? முகூர்த்தத்தில் புனிதமென்று கண்ணில் ஒற்றிக்கொள்ளும் கூறைப்புடவைக்கு அப்பெயர் வானத்திலிருந்து விழவில்லை. மயிலாடுதுறையின் கூறைநாட்டுத் தறியிலிருந்து வந்தது. மந்திரம் அதை நெய்யவில்லை, மனிதன் நெய்தான். காஞ்சிப் பட்டில் உடலையும் கரையையும் கோத்து நெய்யும் கோர்வைக்கு இருவர் கை வேண்டும். திருச்சியிலோ, உறையூரின் மெல்லிய பருத்தித் துணி கிரேக்கக் கடலோடியின் பெரிப்புளூசு நூலில் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இடம்பெற்றது என்பர் ஆய்வாளர். உறையூரிலும் முசிறிப் பக்கத்து மணமேட்டிலும் கைத்தறிப் பருத்திச் சேலை இன்றும் நெய்யப்படுகிறது. ஒருமுறை உடுத்திப் பெட்டிக்குள் பூட்டும் நான்கு புடவைகளின் விலையில், அந்த நெசவாளரின் சேலையை ஆண்டு முழுதும் உடுத்தலாமே! அது மானத்தைக் காக்கும். மற்றொரு குடும்பத்தின் அடுப்பையும் எரியவைக்கும்.

அமெரிக்காவில் மணத்தடை நொறுங்கிய அதே 1967 இல், சென்னைச் சட்டமன்றத்தில் அண்ணாவின் அரசு சுயமரியாதைத் திருமணத்தைச் செல்லத்தக்கதாக்கியது. 1928 இல் சுக்கிலநத்தத்தில் பெரியார் நடத்திவைத்த மணம் முதல் தொடர்ந்த முறைக்குக் கிடைத்த வெற்றி அது. அச்சட்டம் கேட்பது என்ன? உற்றார், நண்பர் முன்னிலையில், இருவருக்கும் புரிந்த மொழியில், ஒருவரையொருவர் துணையாக ஏற்கும் சொல். அல்லது மாலையோ மோதிரமோ மாற்றுதல், அல்லது தாலி அணிதல். இவற்றுள் ஏதேனும் ஒன்று போதும். பட்டு வேண்டும் என்று ஒரு சொல் அதில் உண்டா? உள்ளம் மாற்றிக்கொள்வதைத்தான் சட்டம் கேட்டது. உடை மாற்றுவதை அன்று!

ஆயினும் நம் தோழர் வீட்டு மணங்கள் சிலவற்றைப் பார்க்கும்போது நெஞ்சு சுடுகிறது. புரோகிதரை அனுப்பிவிட்டோம், அவர் அமர்ந்திருந்த மணையில் ஜவுளிக்கடைக்காரரை உட்காரவைத்துவிட்டோம்! மேடையிலே சிக்கனம் பற்றிச் சொற்பொழிவு. திரைக்குப் பின்னே மணமகளுக்கு மூன்றாவது பட்டு. இக்குற்றத்தை மற்றவர் சுட்டுமுன் நாமே சுட்டிக்கொள்வது நல்லது.

பல உடை கூடாது என்பதன்று என் வாதம். சாதியோ நாடோ கடந்து இருவர் இணைகிறார்களா? இவன் வீட்டு ஆடையை அவளும், அவள் வீட்டு ஆடையை இவனும் உடுத்தட்டும். இரண்டென்ன, மூன்றும் மாற்றட்டும். முதல் வரிசையில் நின்று கை தட்டுவோம். ஆனால் துணி எடுக்கும் நாளில் ஒவ்வொன்றையும் விரித்துக் கேளுங்கள்: இதைத் தேர்ந்தவர் யார்? இது யாரை மதிக்கிறது? இதற்காக யார் கடன்படுகிறார்? இம்மூன்றுக்கும் நாணமின்றி விடை கூற முடிந்தால் எடுங்கள். முடியாவிட்டால் மடித்து வைத்துவிடுங்கள்.

பச்சைமலையிலிருந்து இறங்கி வரும் பெண்ணிடம் நாளை கடைக்காரர், "எத்தனை புடவை அம்மா?" என்று கேட்பார். தந்தை தயங்குவார், அத்தை வாய் திறப்பாள். அப்போது அவளே நிமிர்ந்து, "ஒன்று போதும்; அதை நானே பார்த்து எடுத்துக்கொள்கிறேன்" என்று கூறுவாளானால், அவளுடைய திருமணம் அந்தக் கடையிலேயே சுயமரியாதையோடு தொடங்கிவிட்டது என்பேன்.

இளைஞரே, அதைச் சொல்லும் துணிவை அவளுக்கு அளிப்பது நம் கடமை!