குலுக்கலின் நியாயமும் பட்டியலின் குறையும்

உலகிலேயே எச்.ஐ.வி. தொற்றுள்ளவர்கள் அதிகம் வாழும் நாடு இந்தியா என்று 2006இல் ஐ.நா. எய்ட்ஸ் அமைப்பு மதிப்பிட்டது. எண்ணிக்கை 57 லட்சம். அடுத்த ஆண்டு ஜூலையில் அது சுமார் 25 லட்சமாகத் திருத்தப்பட்டது. ஓராண்டுக்குள் நோய் பாதியாகிவிடவில்லை, கணக்கிட்ட முறை மாறியது. மாற்றத்துக்கு முக்கியக் காரணம், 2005-06இல் நடந்த மூன்றாவது தேசியக் குடும்பநல ஆய்வு. நாடெங்கும் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த வீடுகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் இரத்தம் அதில் முதன்முறையாகப் பரிசோதிக்கப்பட்டது. சமவாய்ப்பு மாதிரி முறையின் பலம், பலவீனம் இரண்டையும் இந்த ஒரே நிகழ்வில் காணலாம். கையிலிருக்கும் பட்டியலுக்குள் மனிதர்களைப் பொறுக்கி எடுக்க அதற்கு நிகரான கருவி கிடையாது. ஆனால் பட்டியலைத் தாண்டி அது எந்த உத்தரவாதமும் தருவதில்லை.

பழைய கணக்கு எப்படி உருவானது? கர்ப்பகாலப் பரிசோதனைக்கு வரும் பெண்கள், பால்வினை நோய்ச் சிகிச்சைக்கு வருபவர்கள் ஆகியோரிடம் ஆண்டுதோறும் குறிப்பிட்ட சில மையங்களில் எடுத்த இரத்தமே அதன் முக்கிய அடிப்படை. ஒரு மையத்தில் தொற்று ஏறுகிறதா இறங்குகிறதா என்று கவனிக்க இது நல்ல ஏற்பாடுதான். அங்கே வந்தவர்களை வைத்து வராதவர்களையும் எண்ணப் புகுந்தபோது கணக்கு பிசகியது. ஆந்திரத்தின் குண்டூர் மாவட்டத்தில் லலித் தண்டோனாவும் சக ஆய்வாளர்களும் ஊர்களிலிருந்து தேர்ந்தெடுத்த 12,617 பேரைப் பரிசோதித்து, 2006இல் முடிவை வெளியிட்டார்கள். மாவட்டத்தில் 15 முதல் 49 வயதுக்குள் சுமார் 45,900 பேருக்குத் தொற்று இருக்கும் என்றது அவர்களது மதிப்பீடு. அரசின் வழக்கமான முறைப்படி அது 1,12,600. இரண்டரை மடங்கு வேறுபாட்டுக்கான காரணத்தையும் அவர்கள் தேடிக் கண்டார்கள். அரசு மருத்துவமனையை அதிகம் நாடுபவர்கள் ஏழைகள். தொற்று இருக்கலாம் என்று தனியார் மருத்துவர்கள் சந்தேகித்தவர்களும் அங்கேயே அனுப்பிவைக்கப்பட்டார்கள். ஆக, மருத்துவமனை வரிசை ஊரின் அச்சு அல்ல. அந்த வரிசையில் யார் நிற்பது என்பதை நோயும் வறுமையும் முன்பே தீர்மானித்துவிடுகின்றன.

சமவாய்ப்பு முறை இந்த இடத்தில்தான் உதவுகிறது. யாரைக் கேட்பது என்ற முடிவை ஆய்வாளரிடமிருந்தும் கேட்கப்படுபவரிடமிருந்தும் அது பறித்துவிடுகிறது. குடும்பநல ஆய்வில் முதலில் மக்கள்தொகைக்கு ஏற்ற வாய்ப்பளித்துக் கிராமங்களையும் நகர்ப்புறப் பகுதிகளையும் தேர்கிறார்கள். பிறகு ஒரு குழு அங்கே போய் வீடு வீடாக எண்ணிப் பட்டியலிடுகிறது. ஐந்தாவது ஆய்வில் அந்தப் பட்டியலிலிருந்து சீரான இடைவெளியில் 22 வீடுகள் எடுக்கப்பட்டன. தேர்வான வீடு பூட்டிக் கிடந்தால் களப்பணியாளர் திரும்பத் திரும்பப் போக வேண்டுமே தவிர, திறந்திருக்கும் பக்கத்து வீட்டில் கேட்டுப் படிவத்தை நிரப்பக் கூடாது. பகலில் வீடு திறந்திருக்கும் குடும்பமும், எல்லோரும் வேலைக்குப் போய்விடும் குடும்பமும் உடல்நலத்தில் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பதால்தான் இவ்வளவு கறார். இப்படி எடுத்த மாதிரியிலும் பிழை வரும். ஆனால் தேர்வினால் வரும் அந்தப் பிழை எவ்வளவு இருக்கலாம் என்று கணக்குப் போட்டுச் சொல்லிவிட முடியும். வசதிக்கு அகப்பட்டவர்களைக் கொண்டு நடத்தும் ஆய்வால் அதைச் சொல்ல முடியாது.

சில ஆயிரம் பேரைக் கேட்டுக் கோடிக்கணக்கானவர்களைப் பற்றிப் பேசலாமா என்பது பலரும் எழுப்பும் ஐயம். சரியாகக் குலுக்கி எடுத்த ஆயிரம் பேரின் விடை, உண்மையிலிருந்து பெரும்பாலும் மூன்று சதவீதப் புள்ளிகளுக்குள்தான் விலகும். ஒரு நகரமானாலும் ஒரு நாடானாலும் இந்த அளவு ஏறக்குறைய மாறுவதில்லை. ஆனால் அபூர்வமான நிகழ்வுகளில் ஐயம் நியாயமாகிவிடுகிறது. ஆயிரத்தில் மூவருக்கு இருக்கும் தொற்றை ஆயிரம் பேரிடம் தேடினால் ஒருவர் கூடினாலோ குறைந்தாலோ விடையில் மூன்றில் ஒரு பங்கு ஆட்டம் காணும். அதனால்தான் மூன்றாவது குடும்பநல ஆய்வில் தமிழ்நாடு உள்ளிட்ட சில மாநிலங்களில் எச்.ஐ.வி. பரிசோதனைக்கென மாதிரியைப் பெரிதாக்கினார்கள். மாநில அளவுக்குத் திட்டமிட்ட ஆய்விலிருந்து ஊராட்சி ஒன்றிய அளவுக்கு முடிவு சொல்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் பட்டியலைப் பற்றியது. வீடுகளைப் பட்டியலிடும் ஆய்வில், லாரியிலேயே நாட்களைக் கழிக்கும் ஓட்டுநரும் நடைபாதையில் உறங்குபவரும் விடுதியிலோ சிறையிலோ இருப்பவரும் இடம்பெறுவது அரிது. பாலியல் தொழிலில் இருப்பவர் வீட்டில் அகப்பட்டாலும் தம்மை வெளிக்காட்டப்போவதில்லை. இரத்தம் தர மறுத்தவர்களும் இருந்தார்கள். தொற்று குவிந்திருக்கக்கூடிய இடங்களே விடுபடும்போது விடை தாழ்ந்துதான் வரும். மூன்றாவது குடும்பநல ஆய்வு கண்ட விகிதம் 0.28 சதவீதம். அதை அப்படியே தேசியக் கணக்காக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. விரிவாக்கப்பட்ட கண்காணிப்பு மையங்களின் தரவையும், தொற்று அபாயம் மிகுந்த குழுக்களையும் சேர்த்தபின் 2006க்கான மதிப்பீடு 0.36 சதவீதமாயிற்று. அந்தக் குழுக்களை அணுக வேறு வழிகள் வேண்டியிருந்தன. ஆறு மாநிலங்களில் நடந்த ஒரு தனி ஆய்வு, அவர்கள் கூடும் இடங்களையும் நேரங்களையும் பட்டியலிட்டு அதிலிருந்து மாதிரி எடுத்தது. சில குழுக்களில் ஒருவர் மூலம் அடுத்தவரை அழைத்து வரச் செய்தது. குலுக்கலின் தூய்மை இதில் குறைகிறது என்பது உண்மை. தூய்மை காப்பதற்காக அவர்களை எண்ணாமலே விடுவது அதைவிடப் பெரிய பிழை.

இலட்சக்கணக்கானோரின் தரவு இணையத்தில் கொட்டிக் கிடக்கும்போது மாதிரியே எதற்கு என்று இன்று கேட்கிறார்கள். அமெரிக்காவில் ஃபேஸ்புக் வழியே நடந்த கோவிட் ஆய்வுக்கு வாரந்தோறும் சுமார் 2,50,000 பதில்கள் வந்தன. 2021 மே மாதத்தில், முதல் தவணைத் தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களின் விகிதத்தை அது 17 சதவீதப் புள்ளிகள் மிகையாகச் சொன்னது. ஆயிரம் பேரிடம் மட்டும் கேட்ட இன்னொரு ஆய்வு உண்மைக்கு நெருக்கமாக வந்தது. ‘நேச்சர்’ இதழில் அதே ஆண்டு வந்த கட்டுரை இதை அலசியது. கவனிக்க வேண்டியது, ஃபேஸ்புக் பயனர்களுக்கும் குலுக்கல் முறையில்தான் அழைப்பு போனது என்பதே. ஆனால் பட்டியலில் இருந்தவர்கள் ஃபேஸ்புக் பயனர்கள் மட்டுமே, அவர்களிலும் மிகச் சிலரே பதில் சொன்னார்கள். சிறிய ஆய்வோ முகவரிகளிலிருந்து ஆட்களை எடுத்து, இணைய வசதி இல்லாதவர்களுக்கு அந்த வசதியைக் கொடுத்துச் சேர்த்துக்கொண்டது. கோணிய பட்டியலில் எண்ணிக்கை கூடக்கூட, தவறான விடை மேல் நம்பிக்கைதான் கூடுகிறது.

பட்டியல் பழசாவதும் இதே குறையின் இன்னொரு முகம். 2019-21இல் நடந்த ஐந்தாவது குடும்பநல ஆய்வு தேர்ந்த கிராமங்களும் நகரப் பகுதிகளும் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து வந்தவை. இடைப்பட்ட காலத்தில் நகரங்களின் ஓரங்களில் வயல்கள் குடியிருப்புகளாயின. 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பும் தள்ளிப்போனது. இத்தகைய ஆய்வுகள் கிராமங்களை மிகையாகக் காட்டுகின்றனவா என்று 2023இல் பொருளியலாளர்களிடையே விவாதம் எழுந்தது. தேர்ந்தெடுத்த வீடுகளுக்குத் தேவையான எடைகளைக் கொடுத்து ஓரளவு சரிசெய்யலாம், பட்டியலில் ஏறாத பகுதிக்கு எடை கொடுக்க வழியில்லை. ஆகவே மாதிரி ஆய்வு கணக்கெடுப்புக்கு மாற்றாகாது, அதைச் சார்ந்தே நிற்கிறது. அரசு கணக்கெடுப்பைத் தள்ளிப்போடும் ஒவ்வோர் ஆண்டும் அதைச் சார்ந்த எல்லா ஆய்வுகளின் தரமும் குறைகிறது. ‘சமவாய்ப்பு முறையில் நடந்தது’ என்ற ஒரு வரியோடு ஆய்வறிக்கைகள் நின்றுவிடக் கூடாது. எந்த ஆண்டுப் பட்டியல், யார் அதில் இல்லை, தேர்வானவர்களில் எத்தனை பேர் மறுத்தார்கள் என்ற மூன்றையும் முதல் பக்கத்தில், முடிவுக்குப் பக்கத்திலேயே அச்சிட வேண்டும். எத்தனை ஆயிரம் பேரைக் கேட்டார்கள் என்பதை வாசகர் அதற்கடுத்துப் பார்த்தால் போதும்.