நெருப்பில்லாத வெளிச்சம்

சூலக்கரையில் மின்வெட்டு இரவு. கைக்கடிகாரப் பொத்தானை அழுத்துகிறேன். முகப்பு முழுக்கச் சீரான நீலப்பச்சை. பக்கத்துச் சிவகாசியின் பட்டாசு வெளிச்சமெல்லாம் எரிந்து பிறப்பது. இங்கே எதுவும் எரியவில்லை. தாமிரம் சிறிது கலந்த துத்தநாக சல்பைடு பூச்சு, சூடேறாமலே ஒளிர்கிறது. 1992-இல் டைமெக்ஸ் கடிகார நிறுவனம் 'இண்டிகுளோ' என்று இதற்குப் பெயர் சூட்டியது.

இந்தப் பூச்சுக்கு 100 வோல்ட் அளவில் மாறு மின்னோட்டம் வேண்டும். பொத்தான் பேட்டரி தருவதோ 3 வோல்ட் நேர் மின்னோட்டம். நடுவில் நின்று காரியத்தை முடிப்பது, கொண்டைக்கடலை அளவுகூட இல்லாத கம்பிச்சுருள். அதில் ஓடும் மின்சாரத்தை டிரான்சிஸ்டர் இடைவிடாமல் வெட்ட, ஒவ்வொரு வெட்டிலும் மின்னழுத்தம் துள்ளி எழுகிறது. காதருகே வைத்தால் கொசு ரீங்காரம்போல் மெல்லிய ஒலி.

இப்படி ஒளிரும் பழைய கடிகாரம் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். இருட்டில் ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.