கழுத்துப் பயிற்சியும் கைக்கடியும்

கிழக்கிலங்கைப் பேச்சில் எல்லா அரிப்பும் ‘கடி’தான் என்றாலும், தடிப்போ கொப்புளமோ இல்லாத தோலில், முழங்கையின் வெளிப்புறத்திலும் அதை அடுத்த முன்கையிலும் பெரும்பாலும் எழுந்து, சொறியச் சொறிய எரிச்சலாக மாறுகின்ற ஒருவகைக் கடியை மருத்துவம் தனியே பிரித்து வைத்திருக்கிறது. மேற்கையையும் ஆரையென்புப் பக்கத்தையும் சார்ந்த அரிப்பு என்று பொருள்படும் ‘பிரேக்கியோரேடியல் புருரைட்டஸ்’ என்பது அதன் பெயர். 1968இல் அமெரிக்காவின் புளோரிடாவில் இதனை விவரித்த வெய்ஸ்மன், வெயிலே இதன் காரணம் எனக் கருதினார். பின்வந்த ஆய்வாளர்களோ கழுத்து முள்ளந்தண்டில் நசுங்குகின்ற நரம்பைச் சுட்டினார்கள். கழுத்தை நீட்டி மடக்கும் பயிற்சிகள் இதற்குப் பரிந்துரைக்கப்படுவது இந்த இரண்டாவது கருத்தின் பலத்தில்தான்.

அக்கருத்து வலுவற்றதன்று. கழுத்திலுள்ள 7 முள்ளென்புகளை ஒட்டிப் பக்கத்துக்கு எட்டு நரம்பு வேர்கள் வெளிவருகின்றன. அவற்றுள் ஐந்தாவதும் ஆறாவதும் உணர்வூட்டுகின்ற தோற்பகுதியும், இந்தக் கடி தோன்றும் பகுதியும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. முள்ளென்புகளுக்கு நடுவிலுள்ள தட்டு பிதுங்கினாலோ, வயதோடு எலும்பு விளிம்பு தடித்தாலோ, நரம்பு வெளிவரும் துளை ஒடுங்கி, கையில் எந்தக் கோளாறும் இல்லாதபோதே கை கடிக்கிறது. ஒவ்வாமைக் கடிக்குக் கொடுக்கும் குளிசைகள் இங்கே பெரும்பாலும் பலிக்காததற்கும், ஐஸ்கட்டியை வைத்த சில நிமிடங்களில் கடி அடங்கி, எடுத்ததும் திரும்புவதற்கும் இதனால் விளக்கம் கிடைக்கிறது. தோலுக்குப் பூசுவதை விடுத்துக் கழுத்தைக் கவனிப்பதே பயிற்சியின் முதற் சிறப்பு. செலவில்லை, தூக்கம் வருவதில்லை என்பன மற்றவை. நரம்பரிப்புக்குத் தரப்படும் கபாபென்டின் தூக்கத்தை வரவழைக்கக் கூடியது என்பதால், விடியற்காலையில் மோட்டார் சைக்கிளில் வயலுக்குப் புறப்படுகிறவருக்கு அது சிறிய வேறுபாடன்று.

குறைகள் தொடங்குவது செய்முறையில். ‘கழுத்துப் பயிற்சி’ என்ற ஒரே பெயரின்கீழ் ஒன்றுக்கொன்று எதிரான அசைவுகள் அடங்கியிருக்கின்றன: தலையை முன்னே தாழ்த்தும்போது நரம்புத் துளை விரிகிறது; பின்னே சாய்த்து, நோவுள்ள பக்கம் திருப்பும்போது அதே துளை ஒடுங்குகிறது. நரம்பு நசுங்கியிருக்கிறதா என்று பரிசோதிக்க மருத்துவர் செய்விக்கும் அசைவே இந்தப் பின்சாய்வுதான் என்பதை அறியாமல், நாள் முழுதும் குனிந்து களை பிடுங்கியவரோ, மருதமுனையில் தறியின்மீது கவிழ்ந்திருந்தவரோ, குனிந்ததற்கு மாற்று நிமிர்வதே என எண்ணித் தலையை முழுவதும் பின்னால் மடக்கினால், நோயை அழைக்கும் அசைவையே மருந்தாகச் செய்தவராவார். நாடியை மெல்ல உள்ளிழுத்துத் தலையைத் தோள்களுக்கு நேரே கொண்டுவருதல், தோள்பட்டைகளைப் பின்னிழுத்தல் போன்ற அடக்கமான அசைவுகள் பொதுவாகப் பாதுகாப்பானவை. பார்ப்பதற்குப் பெரிதாக ஒன்றும் நடக்காததால் அவற்றுக்கு மதிப்புக் குறைவு என்பது வேறு விடயம். சலூன் நாற்காலியில் தலையைப் பிடித்துச் சட்டெனத் திருப்பி நெட்டி முறிப்பதைப் பயிற்சியின் கணக்கில் சேர்க்கவே கூடாது. கழுத்தின் வழியே மூளைக்குச் செல்லும் தமனியின் உட்சுவர் அதனால் கிழிந்து பக்கவாதம் வரக்கூடும்.

சான்றின் பக்கமும் மெலிந்தே இருக்கிறது. 1998இல் ஆஸ்திரேலியத் தோல் மருத்துவர்கள், கழுத்து முள்ளந்தண்டைக் கையால் அசைக்கும் சிகிச்சைக்குப் பின் பலருக்குக் கடி நீங்கியதாக எழுதினார்கள்; ஆனால் அது மிகச் சிறிய குழு, ஒப்பிடச் சிகிச்சை பெறாத மற்றொரு குழுவும் இருக்கவில்லை. அதைவிட, பயிற்றப்பட்ட கை செய்த சிகிச்சையின் பெறுபேற்றை வீட்டில் தானே செய்யும் நீட்டலுக்குக் கடன் கொடுப்பது நியாயமாகாது.

ஆலையடிவேம்பு, அக்கரைப்பற்று வயற்பகுதிகளுக்கே உரிய மயக்கமொன்றும் உண்டு. வெய்ஸ்மன் முற்றிலும் தவறிவிடவில்லை: நசுங்கிய நரம்பு கடிக்கு இடம் கொடுக்க, வெயில் அதைத் தூண்டிவிடுகிறது என்பதே இன்று பலரும் ஏற்கும் விளக்கம்; வெயில் மிகுந்த காலத்தில் கடி கூடி, பின்பு தானே தணிவதும் பலரிடம் காணப்படுகிறது. கச்சான் காற்று வீசும், வெயில் மிகுந்த சிறுபோகக் காலத்தில் கடி தொடங்கிய ஒருவர், அறுவடை முடிந்து ஆவணி, புரட்டாதியில் கழுத்துப் பயிற்சியை ஆரம்பித்தால், ஐப்பசி மழையோடு வெயில் தணிந்து கடியும் அடங்கக்கூடும். ஆனால் பெயரைத் தட்டிச் செல்வது பயிற்சி. அடுத்த சிறுபோகத்திலும் பயிற்சியை விடாமல் செய்து, அப்போதும் கடி வராதிருந்தால்தான் அதற்குப் பங்குண்டு என்று ஓரளவேனும் சொல்லலாம். முழுக்கைச் சட்டையின் பயனையும் வேறொரு சிறுபோகத்தில் தனியே சோதித்துப் பார்க்கலாம். அது அணியப்படாத வரை பாதிக் காரணம் தொடப்படாமலே கிடக்கிறது.

ஆகவே, இயன்மருத்துவர் ஒருமுறை பார்த்துத் திசையைக் குறித்துக் கொடுத்த மென்மையான பயிற்சி, வெயில் மறைப்போடு சேர்ந்த துணைச் சிகிச்சையாக ஏற்கத்தக்கது. தனிச் சிகிச்சையாக அன்று. உடல் முழுதும் கடித்தால் சிறுநீரகம், ஈரல், சிரங்கு ஆகியவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கைப்பிடி தளர்ந்தாலோ, சட்டைப் பொத்தான் போட விரல் தடுமாறினாலோ, நடை இறுகினாலோ, பயிற்சியை அன்றே நிறுத்திவிட்டு வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.