நின்று பார்க்கிறவர்கள்

பெர்லினின் கிழக்கு ஓரம், கோப்பெனிக். அங்கே காட்டை ஒட்டி நிற்கிறது யூனியன் பெர்லின் கால்பந்து கிளப்பின் மைதானம். சுமார் 22,000 பேருக்கு இடமுண்டு. இருக்கைகளோ நாலாயிரம்கூட இல்லை. மற்றவர்கள் நின்றுதான் பார்க்கிறார்கள். தொண்டை வறளப் பாடுவதற்கு நிற்பதுதான் வசதி! சொந்த ஆட்டக்காரரைத் திட்டக் கூடாது, கடைசி விசிலுக்கு முன் கிளம்பக் கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம்.

2004-இல் கிளப் பணமில்லாமல் தவித்தபோது ரசிகர்கள் ரத்தம் கொடுத்து, அதற்குக் கிடைத்த சிறு தொகையைக் கிளப்புக்குத் தந்தார்கள். 2008-இல் மைதானத்தைப் புதுப்பிக்க வேண்டிவந்தபோது இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் கூலி வாங்காமல் கட்டட வேலை பார்த்தார்கள். தான் பூசிய படிக்கட்டில் நிற்பவனை வெறும் பார்வையாளன் என்று எப்படிச் சொல்வது?

2019 ஆகஸ்டில் யூனியன் முதல்முறையாக ஜெர்மனியின் முதல்நிலைக் கால்பந்துத் தொடரான பூண்டஸ்லிகாவில் ஆடியது. அந்த நாளைக் காணாமல் இறந்துபோன ரசிகர்களின் பெரிய படங்களைக் கூட்டம் உயர்த்திப் பிடித்தது. அப்படி மறைந்த அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் அன்று படமாக மைதானத்தில் இடம் கிடைத்தது. அந்த ஆட்டத்தில் லைப்சிக் அணியிடம் 4-0 தோல்வி என்பது எனக்குப் பெரிதாகப் படவில்லை.

பெர்லின் பக்கம் போனால், நிற்கிற டிக்கெட்டையே கேளுங்கள்.